பன்னிரண்டு குல்லா

அந்த மலை நகரத்து நிறுத்தத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் யாரும் டிரைவர் என்று கூப்பிடுவதில்லை. குல்லாக்காரர் என்பார்கள். அது நேரில். முதுகுக்குப் பின்னால் வெறும் குல்லா.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் மலைக்குளிரைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு மெல்லிய சட்டையோடு வந்து இறங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். குல்லாக்காரர் தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையை இழுத்து, ஆளுக்கொரு கம்பளிக் குல்லாவை எடுத்துக் கொடுப்பார். எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம். காலையில் கொடுத்து மாலையில் திருப்பி வாங்கிக்கொள்வார், காசு கிடையாது. பின்னியது அவர் மனைவி. “பயணிங்களுக்குக் குல்லா போடறவன் எல்லாம் மறைச்சு மறைச்சுப் போடுவான். இவர் ஒருத்தர்தான் பட்டப்பகல்ல கூடையில வெச்சுப் போடறாரு” என்று நிறுத்தத்தில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் அந்தக் குல்லாக்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வேனில் பன்னிரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் தலை உயரத்துக்குச் சாய்மானம். மேகம் கவிந்த நாளில் டிரைவரின் தலைக்கு மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் பார்த்தால் தலையும் சாய்மானமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆரஞ்சு நிறம் மட்டும் பளிச்சென்று தெரியும். எல்லாரும் ஏறியதும் கண்ணாடியைப் பார்ப்பார், பன்னிரண்டு எண்ணுவார், வண்டியை எடுப்பார். பதினொரு வருடத்தில் ஒருவரைக்கூட எங்கும் விட்டுவிட்டு வந்ததில்லை. புது மாப்பிள்ளை ஒருவரை அருவியில் விட்டுவிட்டு இரண்டு வளைவு தாண்டிவிட்ட டிரைவர் அதே நிறுத்தத்தில் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணே கவனிக்கவில்லை என்பதுதான் அதில் வேடிக்கை. குல்லாக்காரர் ஒவ்வொரு பயணத்திலும் இந்தக் கதையைச் சொல்வார். தனக்கு அப்படி நடக்காது என்கிற பெருமை அதில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

சுபாவத்தில் அவர் பயந்தாங்கொள்ளி. மலையில் வண்டி ஓட்ட அதுதான் முதல் தகுதி என்பது அவர் கட்சி. சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தபின் திரும்பி வந்து கைப்பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்த பிறகும் சில நாள் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார். “வேன் எங்கயும் போகாது. நீங்க போகாம சாப்பிடுங்க” என்பாள் மனைவி.

அவள் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருடம். ஊரைச் சுற்றி ஏரி இருக்கிறது, அருவி இருக்கிறது, பூங்கா இருக்கிறது. தூர தேசத்திலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். அவள் ஒன்றையும் பார்த்ததில்லை. ஒரு விடுதியின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் பின்சுவரும் அதில் ஓடும் நாலு குழாய்களும்தான் தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும் இல்லை. “அதான் தினம் நீங்க பாத்துட்டு வந்து சொல்றீங்களே” என்பாள். அவரும் சாப்பிடும்போது சொல்வார். எல்லாவற்றையும்விட அவள் விரும்பிக் கேட்பது கடைசி முனையைப் பற்றித்தான். சுற்றுலாப் பட்டியலில் அது கடைசி இடம் என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர். பாறை அங்கே சட்டென்று முடிந்துவிடும். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் பள்ளத்தாக்கு, அதில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அந்தப் பாலத்தில் ஒரு ரயில் போகும். மேலே நின்று பார்த்தால் கம்பளிப்பூச்சி அளவுதான் இருக்கும். “சத்தம் மேல வருமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். வரும் என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பன்னிரண்டாவது குல்லா கிழிந்து போக, புதிதாக ஒன்று பின்னினாள். பின்னி முடித்துக் கையில் கொடுத்தபோது காதுப் பக்கத்தில் ஒரு பின்னல் விட்டுப்போய் விரல் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் பின்னல் விட்டதில்லை. அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம்தான் வாயைத் திறந்தாள், கொஞ்ச நாளாகப் பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை, நேரே இருப்பது மட்டும்தான் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரிகிறது என்று.

கண் டாக்டர் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை. “பக்கப் பார்வை போயிடுச்சும்மா. போனது திரும்பாது. மிச்சம் இருக்கறத மருந்து விட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். என்னைக்காவது திடீர்னு எதிர்ல மூடுபனி எறங்கின மாதிரி எல்லாம் வெள்ளையா ஆச்சுன்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஓடி வந்துடுங்க” என்றார்.

கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். “ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் காட்டறீங்களேப்பா. அம்மாவுக்கு ஒரு தடவை காட்டுங்க.”

அதில்தான் சிக்கல். வேன் முதலாளிக்குச் சில கறாரான விதிகள் உண்டு. வாடகைப் பயணத்தில் வீட்டு ஆட்களை ஏற்றக் கூடாது என்பது முதல் விதி. போன வருடம் மச்சானை ஏற்றிக்கொண்டு போன ஒரு டிரைவர் இப்போது காய்கறி வண்டி ஓட்டுகிறார். குல்லாக்காரர் இரண்டு நாள் யோசித்தார். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு மடக்கு இருக்கை இருக்கிறது. அதில் உட்காருகிறவர் கண்ணாடியில் தெரிய மாட்டார். பயணிகளும் அவ்வளவாகக் கவனிக்க மாட்டார்கள். கேட்டால் கடைசி முனைக் கடையில் வேலை பார்க்கிற பெண் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“ஒண்ணே ஒண்ணு” என்றார் மனைவியிடம். “பயணிங்க இருக்கும்போது என்னைக் கூப்பிடாதே. பேசாதே. நானா வந்து கூப்பிடற வரைக்கும் வாயே தெறக்கக் கூடாது.”

“நான் என்னைக்கு வாயத் தெறந்தேன்” என்றாள் அவள். அன்று காலை நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு, கம்பளி நூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடியுமுன்பே தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அன்றைய பயணிகள் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேர். அவர்களுடைய மேலாளர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. எதற்கெடுத்தாலும் ஊதுவார். கூட்டத்தில் ஓர் அம்மாள் எதற்கெடுத்தாலும் சிரிப்பார். பன்னிரண்டாவது குல்லா அந்தச் சிரிப்புக்காரம்மாவுக்குப் போனது. ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டி, “இது என்ன, காத்து வர ஜன்னலா?” என்று கேட்டுச் சிரித்தார். மடக்கு இருக்கையில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குக் குல்லா கொடுக்கவில்லை. உள்ளூர்க்காரிக்கு என்ன குளிர்? அதோடு கூடையில் இருந்ததே பன்னிரண்டுதான்.

ஏரியில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு அவள் கடைசியாக இறங்கினாள். கோழி பார்ப்பதுபோலத் தலையை இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டித் திருப்பி, துண்டு துண்டாக ஏரியைப் பார்த்து முடித்தாள். பூங்காவிலும் அப்படித்தான். அருவியில் தண்ணீர் விழும் இடத்துக்கு நேராக நின்று, முகத்தில் சாரல் அடிக்க அடிக்க நகரவே இல்லை. குல்லாக்காரர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நிற்க முடியாததை நினைத்தால் அவருக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் வாயால் காட்டியதை இன்று கையால்கூடக் காட்ட முடியவில்லை.

கடைசி முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. வாசலில் நின்று வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். பாறை விளிம்பில் ஒரு வேலி உண்டு. இடுப்பளவு இரும்புக் கம்பங்கள், நடுவில் கம்பி. ஏழாவது கம்பம் அடியில் துருப்பிடித்து ஆடும். சுற்றுலா அலுவலகத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவரே ஒரு சிவப்புத் துணியைக் கொண்டுவந்து கட்டியிருந்தார். “சிவப்புத் துணி கட்டின கம்பத்துல யாரும் சாயாதீங்க. சாஞ்சா அப்புறம் நான் எண்ணறதுக்கு ஆள் இருக்காது.” எல்லாரும் சிரித்தார்கள். அவள் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அது அவள் காதில் விழவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் மனைவியை முதல் கம்பத்துக்கு அழைத்துப் போனார். அது கல்லில் பதித்த உறுதியான கம்பம். அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். “அதோ ஆறு. அந்தக் கோடு இருக்கு பாரு, அதான் பாலம். ரெண்டே முக்காலுக்கு ரயில் வரும். நான் டயரைப் பாத்துட்டு வந்துடறேன். அவங்க அந்தப் பார்வைக் கோபுரத்துல ஏறிட்டு வருவாங்க. நான் வந்து கூப்பிடற வரைக்கும் இந்த எடத்த விட்டு அசையாதே.” அவள் பள்ளத்தாக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினாள்.

டயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் மலையின் மறுபக்கத்தைப் பார்த்தார். காட்டின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் மலை டிரைவருக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. பத்து நிமிடத்தில் மூடுபனி முனையைப் பிடித்துவிடும். அதற்குள் கீழே இருக்கும் ஒன்பது வளைவையும் தாண்டாவிட்டால் பன்னிரண்டு உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு தவழ வேண்டியதுதான். மேலாளரிடம் ஓடினார். மேலாளருக்கு விசில் ஊத ஒரு காரணம் கிடைத்தது. கோபுரத்துப் படியில் இருந்தவர்கள், வேலி ஓரம் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்து ஏறினார்கள். கதவை இழுத்துச் சாத்தினார். கண்ணாடியைப் பார்த்தார். பன்னிரண்டு ஆரஞ்சு. வண்டியை எடுத்தார்.

இதை எழுதும்போதே மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் நடந்தது இவ்வளவுதான். அவர் அவளை மறந்துவிட்டார். பதினொரு வருடமாகக் கண் செய்து பழகிய வேலையைக் கண் செய்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஒன்பது வளைவையும் தாண்டி, பாதை அகலமாகும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை. அங்கே நிறுத்தினார். பயணிகள் இறங்கி, மேலே மலை இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லாததைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். தப்பித்தோம் என்று குல்லாக்காரருக்கு ஒரு பெருமூச்சு வந்தது. இரண்டு டம்ளர் தேநீர் வாங்கினார். ஒன்று தனக்கு. இன்னொன்றை யாரும் பார்க்காத நேரத்தில் மடக்கு இருக்கைக்கு நீட்டலாம் என்று கதவைத் திறந்தார்.

இருக்கையில் கம்பளி நூல் பை மட்டும் இருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. இறங்கியிருப்பாள் என்று வேனைச் சுற்றி வந்தார், கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். டம்ளர்கள் இன்னும் கையில் இருந்தன. சூடான தேநீர் விரலில் வழிந்தது, அது சுடுகிறது என்றுகூடத் தெரியவில்லை. டம்ளர்களைத் தரையில் வைத்தார். தன் போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினார். மடக்கு இருக்கையில், நூல் பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

“இங்க உக்காந்திருந்தவங்க எங்க?” என்று கேட்டார். குரல் அவருடையதாக இல்லை.

“அவங்க மேலயே எறங்கிட்டாங்கல்ல?” என்றார் சிரிப்புக்காரம்மா. “அங்க வேலை செய்யறவங்கன்னு நெனச்சேன். ஏன்?”

“என் சம்சாரம்மா அது. கண்ணு சரியாத் தெரியாது.”

சிரிப்புக்காரம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தன் போனை எடுத்துத் தேடி, ஒரு படத்தை அவரிடம் காட்டினார். அந்தம்மாவும் இன்னும் மூன்று பேரும் வேலி ஓரம் நின்று எடுத்துக்கொண்ட படம். “அந்த மூலை நல்லா இருந்துச்சு. அவங்க நின்னுட்டு இருந்தாங்க. கொஞ்சம் தள்ளிக்கச் சொன்னேன். எதுவும் சொல்லாம கம்பியைப் பிடிச்சுட்டே தள்ளிப் போயிட்டாங்க.” படத்தின் ஓரத்தில் அவள் பாதி தெரிந்தாள். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை ஒரு கம்பத்தின்மேல் இருந்தது. கைக்குக் கீழே சிவப்பாக ஒரு துணி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

குல்லாக்காரர் தன் போனை மறுபடி எடுத்தார். கடைசி முனையில் நுழைவுச் சீட்டு கொடுக்கிறவருக்குப் போன் போட்டார். “பனி எறங்கிடுச்சுல்ல, பூட்டிட்டு ஜீப்புல எறங்கிட்டு இருக்கேன்” என்றார் சீட்டுக்காரர். “உள்ள யாரும் இல்லையே. பூட்டறதுக்கு முன்னாடி யாராவது இருக்கீங்களான்னு மூணு தடவை சத்தம் போட்டேன். ஒரு பதிலும் இல்ல.”

ஒரு பதிலும் இல்லை. மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் இருக்க அவர் படாத பாடு பட்டார்.

வேனைத் திருப்ப முடியாது. மூன்று மணிக்கு மேல் அது இறங்குகிற வண்டிகளுக்கு மட்டுமான பாதை. பனிக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓரமாக ஒரு படிக்கட்டு நேரே மேலே போகிறது. முந்நூற்றுச் சொச்சம் படி. அவருக்கு வயது ஐம்பத்தாறு, இடது முட்டியில் வலி. “வண்டிய விட்டுட்டுப் போனா எங்க கதி?” என்று மேலாளர் ஆரம்பித்தார். குல்லாக்காரர் வேன் சாவியை அவர் கையில் வைத்தார். சிரிப்புக்காரம்மா தன் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி அவர் சட்டைப் பையில் திணித்து, “அவங்களுக்குக் குளிரும்” என்றார். அந்தம்மாவின் கண் கலங்கியிருந்தது.

எத்தனை இடத்தில் விழுந்து எழுந்தார் என்று பின்னால் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதிப் படியில் பனிக்குள் நுழைந்துவிட்டார். அதற்கு மேல் தன் கால் தனக்குத் தெரியவில்லை. முதலில் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். பிறகு ஒரு நினைப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். கூப்பிட்டால் திரும்புவாள். திரும்புகிறவள் கையில் இருப்பதைப் பிடித்து இழுப்பாள்.

வாசல் கதவு பூட்டியிருந்தது. சுவரேறிக் குதித்தார். உள்ளே பாறைத் தரை விளிம்பை நோக்கிச் சரிவாக இருக்கும், பனி பட்டால் வழுக்கும். அதை ஆயிரம் பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்தார். காற்று கீழேயிருந்து மேலே அடித்தது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். கை முதல் கம்பத்தில் பட்டது. அங்கே யாரும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் காற்றில் கையை வீசித் தடவிப் பார்த்தார். இரண்டாவது கம்பம். மூன்றாவது. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். வாழ்நாளில் எண்ணிய எண்ணிக்கை எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நான்காவது கம்பத்தருகே கையில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஒற்றைச் செருப்பு. அவளுடையது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமோ, அப்படியே கிடந்தார். ஐந்தாவது கம்பத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு கல்லில் உரசுகிற சத்தம். கிறீச் என்று ஒரு முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

ஐந்து. ஆறு. ஆறாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபோது, கை நீட்டும் தூரத்துக்குச் சற்றே அப்பால், வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு உருவம். அவள்தான். ஏழாவது கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நெற்றியை அதன்மேல் வைத்து நின்றாள். கம்பம் பள்ளத்தாக்கின் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவளும் அதோடு சாய்ந்திருந்தாள்.

“நான்தான்” என்றார், தூங்குகிற குழந்தையின் காதில் சொல்வதுபோல.

“வந்துட்டீங்களா” என்றாள். திரும்பவில்லை. அவளும் மெதுவாகத்தான் பேசினாள். “பேசலாமா? பயணிங்க பக்கத்துல இருக்காங்களா?”

“யாரும் இல்ல. பேசலாம். ஆனா திரும்பாதே. கம்பத்த இழுக்காம, அப்படியே கீழ உக்காரு. மெதுவா.”

“இது ஆடுதுங்க. என் கைதான் நடுங்குதுன்னு நெனச்சேன்.”

“உன் கைதான் நடுங்குது. உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். அவர் குப்புறப் படுத்து, ஒரு காலை ஆறாவது கம்பத்தில் மாட்டிக்கொண்டு, கையை நீட்டி அவள் கணுக்காலைப் பிடித்தார். பிறகு சால்வையை. பிறகு கையை. அவள் பிடியை விட்டதும் கம்பம் ஒரு முறை வெளிப்பக்கம் போய், திரும்பி வந்து, ஆடி ஆடி நின்றது. சினிமாவாக இருந்தால் விழுந்திருக்கும். அது விழாமல் நின்றதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

சீட்டு கொடுக்கும் அறையின் சுவரில் முதுகு பட்ட பிறகுதான் அவளைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவள் கண்ணை நன்றாகத் திறந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் பார்க்கிற பார்வையாக அது இல்லை.

“உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றாள். “எனக்குக் கண்ணு போயிடுச்சுங்க.”

அவர் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“டாக்டர் சொன்னாரே, அதே மாதிரிதான். முதல்ல ஆறு போச்சு. அப்புறம் என் கை போச்சு. எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு. கீழ ரயில் சத்தம் மட்டும் நல்லாக் கேட்டுச்சு. நீங்க சொன்ன மாதிரியே மேல வந்துச்சு. முன்னாடி விசில் ஊதினாரே, கோபுரத்துக்குத்தான் கூப்பிடறாருன்னு இருந்தேன். கோபுரத்துல இருந்து நீங்க எல்லாரும் பாத்துட்டு இருப்பீங்க, எனக்கு மட்டும் தெரியலன்னு நெனச்சேன். கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி கத்தினா உங்க வேலை போயிடுமேன்னு அடக்கிட்டேன். நடுவுல யாரோ, யாராவது இருக்கீங்களான்னு கேட்டாங்க. இத்தனை பேரு இருக்கும்போது ஏன் அப்படிக் கேக்கறாங்கன்னு எனக்குப் புரியல. உங்க குரல் இல்ல அது. அதனால சும்மா இருந்துட்டேன்.”

முக்கால் மணி நேரம். பள்ளத்தைப் பற்றி அவளுக்கு நினைப்பே இல்லை. முக்கால் மணி நேரமும் அவள் குருடாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் நின்றிருக்கிறாள்.

“பைத்தியம், இது பனி” என்றார். “நெசமான பனி. எனக்கும் ஒண்ணும் தெரியல.”

“எனக்காகச் சொல்லாதீங்க.”

அவர் சட்டைப் பையிலிருந்து குல்லாவை எடுத்து அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். “இது என்ன?”

அவள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், கேட்டிருக்கவே கூடாது என்று நினைத்தார்.

“குல்லா” என்றாள். “ஆரஞ்சு.” தலையைக் கொஞ்சம் திருப்பினாள். “இது அந்தக் கடைசிக் குல்லாதானே. பின்னல் விட்டுப்போனது தெரியுது.” அப்புறம்தான் அவள் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுதாள். பழகிவிட்டது போலும்.

அழுது ஓய்ந்து மூக்கைச் சால்வையில் துடைத்துக்கொண்டாள். “அவங்க எல்லாரும் வேன்ல காத்துட்டு இருக்காங்களா?”

அந்த இடத்தில் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், இங்கேதான் இருக்கிறார்கள் என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். படிக்கட்டில் இறங்கும்போது எப்படியும் தெரிந்துவிடும் என்ற கணக்கில் அவர் பொய்யைத் தவிர்க்கவில்லை. அவள் நெற்றியில் கம்பத்தின் துரு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல வரவில்லை.

“கீழ தேநீர்க் கடையில இருக்காங்க. பனி வருதேன்னு அவசரமா எடுத்துட்டேன். கண்ணாடியில எண்ணிப் பாத்தேன். பன்னெண்டும் இருந்துச்சு.” அவள் நெற்றித் துருவை விரலால் துடைத்தார். “உன்ன விட்டுட்டுப் போயிட்டேன். கடைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நெனப்பே வரல.”

அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளைக்குள் நேரே பார்த்துக்கொண்டு எதையோ கணக்குப் போடுகிறவள்போல உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர் கையிலிருந்த குல்லாவை வாங்கி, ஓட்டை இருக்கும் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, தலையில் மாட்டிக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இனிமே இதை நான்தான் போட்டுக்கப் போறேன்” என்றாள். “இது இருந்தாத்தானே நான் உங்க கண்ணுக்குத் தெரியறேன்.”

குல்லாக்காரர் ஒற்றைச் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.